பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்குகிறீர்களா? எக்ஸ்சேஞ்சில் நியாயமான விலை பெறச் சில குறிப்புகள்

பழைய காரை ஷோரூமிலேயே விட்டுவிட்டுப் புதிய காரில் வீடு திரும்புவது சௌகரியமான வழி. ஆள் தேட வேண்டாம், முன்பின் தெரியாதவர்களை ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டிப் பார்க்க விட வேண்டாம், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். இந்தச் சௌகரியத்துக்காகச் சில ஆயிரங்கள் குறைத்து வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் பலருக்கு ஐம்பதாயிரம், எழுபதாயிரம் என்று போய்விடுகிறது. போனது அவர்களுக்குத் தெரிவதுகூட இல்லை. ஒரு நடுத்தரக் குடும்பம் பல மாதம் ஒதுக்கி வைத்துச் சேர்க்கிற பணம் அது. தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து இவற்றை எழுதுகிறேன்.

1. புதிய காரின் விலையை முதலில் பேசி முடியுங்கள். பழைய காரை விற்பதும் புதிய காரை வாங்குவதும் தனித்தனி வியாபாரங்கள். ஷோரூமில் இரண்டையும் ஒரே தாளில் எழுதி, அடியில் ஒரு தொகையைக் காட்டுவார்கள். ஒரு பக்கம் கூட்டி இன்னொரு பக்கம் குறைப்பதற்கு அந்தத் தாள் வசதியானது. எக்ஸ்சேஞ்ச் உண்டா என்று கேட்டால், "இன்னும் முடிவு பண்ணலை, முதல்ல புது வண்டி விலையைச் சொல்லுங்க" என்று சொன்னால் போதும். எக்ஸ்ஷோரூம் விலை, லைஃப் டாக்ஸ், காப்பீடு, பதிவுச் செலவு, அக்சஸரீஸ், தள்ளுபடி எல்லாவற்றையும் வரிவரியாக எழுதி வாங்குங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதால் செலவோடு சேர்த்து எண்ண வேண்டாம். ஒரு ஷோரூம் அதைச் சேர்த்தும் இன்னொன்று சேர்க்காமலும் விலை சொன்னால் ஒப்பிடுவதில் குழப்பம் வரும், கவனியுங்கள்.

2. கையிலிருந்து போகும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். புதிய காரின் ஆன்ரோடு விலை இரண்டு ஷோரூமிலும் ரூ.11,20,000. முதல் ஷோரூம் உங்கள் பழைய காருக்கு ரூ.3,60,000 தருகிறது, புதிய காருக்குத் தள்ளுபடி இல்லை. இரண்டாவது ஷோரூம் பழைய காருக்கு ரூ.3,30,000தான் தருகிறது, ஆனால் புதிய காரில் ரூ.40,000 குறைக்கிறது. முதல் இடத்தில் நீங்கள் கட்ட வேண்டியது ரூ.7,60,000, இரண்டாவது இடத்தில் ரூ.7,50,000. பழைய காருக்கு முப்பதாயிரம் குறைவாகச் சொன்ன ஷோரூம்தான் பத்தாயிரம் மலிவு. "நம்ம வண்டிக்கு மூணு அறுபது கொடுத்தாங்க" என்று வீட்டில் சொல்லிக்கொள்வது சந்தோஷமாக இருக்கும். காசோலையில் எழுதும் தொகைதான் உண்மை.

இதில் இன்னொரு பொறி மாதத் தவணை. "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்று பேச்சு திரும்பியதும் உஷாராகுங்கள். கடன் காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து ஏழு ஆண்டாக நீட்டினால் எந்த மோசமான விலையும் சின்னத் தவணையாகத் தெரியும். தவணையைப் பற்றிய பேச்சு எல்லா விலையும் முடிந்த பிறகுதான்.

3. நீங்கள் எதிர்பார்க்கும் விலையை முதலில் சொல்லாதீர்கள். "உங்க எதிர்பார்ப்பு எவ்வளவு சார்?" என்பது எல்லா ஷோரூமிலும் முதலில் வரும் கேள்வி. நீங்கள் மூன்று லட்சம் என்றால், மூன்றே கால் தரத் தயாராக வந்தவரும் அதோடு நிறுத்திக்கொள்வார். "நீங்க பார்த்துட்டுச் சொல்லுங்க, வேற ரெண்டு இடத்துலயும் கேட்டிருக்கேன்" என்பது மரியாதையான பதில், போதுமான பதிலும்கூட.

4. இன்றைய புது விலையிலிருந்து கணக்கிடுங்கள். நீங்கள் அன்று கொடுத்த விலையை இன்று யாரும் பார்ப்பதில்லை. அதே மாடல், அதே வேரியன்ட் இன்று புதிதாக என்ன விலை என்பதிலிருந்துதான் பழைய காரின் விலை இறங்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது, மேலே இருந்த செஸ்ஸும் போனது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் இன்ஜினோ 1500 சி.சி.க்கு உட்பட்ட டீசல் இன்ஜினோ உள்ள கார்கள் இதில் வரும். புதியது விலை இறங்கியதும் பழையதும் கூடவே இறங்கிவிட்டது. அதற்கு முன் மாமா, மச்சான் விற்ற விலையை அளவுகோலாக வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

5. காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள ஐ.டி.வி.யைப் பாருங்கள், ஆனால் அதையே பிடித்துத் தொங்காதீர்கள். கார் முழுவதும் நாசமானாலோ திருடு போனாலோ காப்பீட்டு நிறுவனம் தரும் தொகைக்கு அடிப்படை ஐ.டி.வி. உற்பத்தியாளரின் விற்பனை விலையிலிருந்து தேய்மானம் கழித்து இதைப் போடுகிறார்கள்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓர் ஆண்டு வரை 15, இரண்டு ஆண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. நன்றாக விற்பனையாகும் மாடலுக்கு ஐ.டி.வி.யைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். உற்பத்தி நிறுத்தப்பட்ட மாடலுக்குக் குறையும். பேச்சைத் தொடங்க இது ஒரு நல்ல எண், அவ்வளவுதான்.

நீங்கள் கட்டிய லைஃப் டாக்ஸ் இந்தக் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருக்கிறது. "பன்னிரண்டு லட்சத்துக்கு மேல போட்டேனே, ஏழு வருஷத்துல பாதிகூட இல்லையா?" என்று மனம் வலிப்பதற்குப் பெரிய காரணம் இந்த வரியும் முதலாண்டுக் காப்பீடும்தான். இரண்டும் காரோடு திரும்பி வராது.

6. ஒரே வாரத்தில் குறைந்தது நான்கு விலைகள் வாங்குங்கள். புதிய கார் வாங்கப் போகும் ஷோரூம் ஒன்று. உங்கள் பழைய கார் எந்தக் கம்பெனியோ, அந்தக் கம்பெனியின் பழைய கார் பிரிவு இன்னொன்று. மாருதிக்கு ட்ரூ வேல்யூ, ஹூண்டாய்க்கு ஹெச் ப்ராமிஸ், டொயோட்டாவுக்கு யூ ட்ரஸ்ட் என்று இருக்கின்றன. வீட்டுக்கே வந்து பார்த்து விலை சொல்லும் கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற இணைய நிறுவனம் மூன்றாவது. நான்காவது, உங்கள் மெக்கானிக்குக்குத் தெரிந்த உள்ளூர் யார்டு அல்லது புரோக்கர். இணையத்தில் கார் விவரங்களைத் தட்டியதும் வரும் விலையை நம்பி உட்காராதீர்கள்; நேரில் பார்த்த பிறகு அது இறங்குவது வழக்கம். பார்த்த பிறகு சொன்ன விலையைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வாங்கிய விலைகளை ஒப்பிட முடியாது என்பதால்தான் ஒரே வாரம் என்கிறேன்.

7. விலை சொல்பவர் யார் என்று புரிந்துகொள்ளுங்கள். ஷோரூமில் உங்கள் காரைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுக்கிறாரே, அந்த மதிப்பீட்டாளர் பல இடங்களில் தானாக விலை சொல்வதில்லை. படங்களும் விவரங்களும் வாட்ஸ்அப்பிலோ ஏல ஆப்பிலோ பழைய கார் வியாபாரிகளுக்குப் போகும். அவர்களில் அதிகம் கேட்டவரின் விலையில் ஷோரூம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்குச் சொல்லும். ஆகவே முதலில் சொன்ன விலைக்கு மேல் ஏற எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கிறது. வேறு இடத்தில் எழுதிக் கொடுத்த விலையைக் காட்டி, "இதுக்கு மேல வந்தா இன்னிக்கே முடிச்சிடலாம்" என்றால், அந்த நபர் இன்னொரு தடவை போன் போடுவார். வாய்ச் சண்டை எதுவும் தேவையில்லை.

8. எதைச் சரிசெய்வது, எதை விட்டுவிடுவது? இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். நல்ல வாட்டர் வாஷ், உள்ளே சீட், மேட், டிக்கி எல்லாம் சுத்தம், எரியாத பல்புகள், தேய்ந்த வைப்பர், ஒலிக்காத ஹாரன், கேஸ் குறைந்த ஏ.சி. ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். சில ஆயிரத்துக்குள் முடியும், வண்டியை அக்கறையோடு வைத்திருந்தீர்கள் என்பதைக் காட்டும். ஏ.சி. குளிரவில்லை என்றால் கம்ப்ரசரே போய்விட்டது என்று கணக்குப் போட்டுத்தான் விலையைக் குறைப்பார்கள்; உண்மையில் கேஸ் மட்டும் குறைந்திருக்கலாம். டேஷ்போர்டில் எரியும் இன்ஜின் விளக்கும் அப்படித்தான். ஒரு சென்சார் கோளாறுக்குப் பதினைந்தாயிரம் கழிப்பார்கள். முன்பே ஸ்கேன் செய்து, பழுது என்ன, செலவு என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முழு பெயிண்ட் அடிப்பது, நான்கு டயரையும் புதிதாக மாற்றுவது, சீட் கவர், அலாய் வீல் போடுவது எல்லாம் வேண்டாம். முப்பதாயிரத்துக்கு டயர் போட்டால் விலையில் முப்பதாயிரம் ஏறாது. புதுப் பெயிண்ட் அதைவிட மோசம். மதிப்பீட்டாளரிடம் பெயிண்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி இருக்கும். கனம் கூடினால் அடியில் டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது என்றுதான் எண்ணுவார். சிறு கீறல்களை அப்படியே விடுவது நேர்மையான தோற்றம். அந்தக் கீறலுக்காகக் காப்பீட்டில் கிளெய்ம் போட்டு பம்பர் மாற்றினீர்களானால், 18-ஆம் குறிப்பில் சொல்லப்போகும் நோ கிளெய்ம் போனஸும் கைவிட்டுப் போகும்.

9. இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள். அலமாரியிலோ சாமி அறையிலோ எங்கோ இருக்கும். சிப் உள்ள சாவியைப் புதிதாகச் செய்யப் பல ஆயிரம் ஆகும் என்பதால் அது இல்லையென்றால் தயங்காமல் கழிப்பார்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, டூல் கிட், ஓனர்ஸ் மேனுவல் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

10. சர்வீஸ் பில்கள் பணத்துக்குச் சமம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்திருந்தால் முழு விவரத்தையும் அச்சிட்டு வாங்கலாம். ஓடிய கிலோமீட்டர் உண்மை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஓடோமீட்டரைக் குறைக்கும் வேலை சந்தையில் பரவலாக நடப்பதால், சான்று இல்லாத குறைந்த கிலோமீட்டரை இன்று யாரும் நம்புவதில்லை. வெளி மெக்கானிக்கிடம் செய்திருந்தாலும் கவலை வேண்டாம். ஆயில், பெல்ட், கிளட்ச், பேட்டரி வாங்கிய பில்களைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கி, மதிப்பீட்டாளர் வண்டியைச் சுற்றத் தொடங்கும் முன்பே அவர் கையில் கொடுங்கள்.

11. விபத்தும் வெள்ளமும் நேர்ந்திருந்தால் மறைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் தண்ணீர் ஏறியது. அன்றிலிருந்து, மழைக்கு மூழ்கும் பகுதியில் இருக்கும் வண்டி என்றாலே மதிப்பீட்டாளர்கள் தரைவிரிப்பைத் தூக்கி, சீட் ரெயிலில் வண்டலும் துருவும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மூழ்காத வண்டி என்றால் அதையே வலியுறுத்திச் சொல்லலாம், இன்டீரியரைக் கழற்றிக் காட்டச் சம்மதிக்கலாம். மூழ்கியது என்றால், என்ன பழுது பார்த்தீர்கள் என்ற பில்லைக் காட்டுங்கள். பம்பரும் கதவும் மாற்றியது பெரிய குறை அல்ல; சேஸிஸ், பில்லர் அடிபட்டதுதான் விலையை உடைக்கும். மறைத்தது கடைசி நாளில் தெரிந்தால் விலையை மொத்தமாக உடைப்பார்கள், அப்போது புதிய காருக்குப் பணம் கட்டிவிட்டு நிற்கும் உங்களால் எதிர்த்துப் பேச முடியாது.

12. தாள்களை ஒரு மாதம் முன்பே சரிபாருங்கள். கார் கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும் கார்கள் ஏராளம். வங்கியிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, அந்தப் பதிவை நீக்குங்கள். போக்குவரத்து அபராத இ-சலான் நிலுவை இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அதைக் காரணம் காட்டி அபராதத்தைவிடப் பெரிய தொகையை நிறுத்தி வைப்பார்கள். ஆர்.சி.யோடு இணைந்த கைப்பேசி எண் இன்றும் உங்களிடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். சி.என்.ஜி. கிட் பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

வண்டி இறந்துபோன அப்பாவின் பெயரிலோ கணவரின் பெயரிலோ இருக்கும் வீடுகளும் உண்டு. அந்த நிலையில் நேராக ஷோரூமுக்குப் போனால், தாள் சரியில்லை என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். படிவம் 31-இல் விண்ணப்பித்து வாரிசுதாரர் பெயருக்கு முதலில் மாற்றுங்கள். இறந்ததை 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. பக்கத்தில் இருக்கும் உறவினர்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.

13. எக்ஸ்சேஞ்ச் போனஸ் வேறு, கார் விலை வேறு. போனஸைப் புதிய காரைத் தயாரிக்கும் கம்பெனி தருகிறது. உங்கள் வண்டி எப்படி இருந்தாலும் அது கிடைக்க வேண்டியது. "மொத்தமா மூணு நாற்பது சார், போனஸ் உட்பட" என்று சொன்னால், போனஸைக் கழித்துவிட்டுக் காருக்கு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் பல சமயம் அதிர்ச்சியாக இருக்கும். பழைய கார் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் பெயரில் இருந்தாலும் பல கம்பெனிகள் போனஸ் தருகின்றன. பழைய காரை வெளியே நல்ல விலைக்கு விற்றுவிட்டு, பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காட்டிப் போனஸை மட்டும் வாங்கிக்கொள்ள விடும் ஷோரூம்களும் உண்டு. முன்கூட்டியே கேட்டு, சம்மதம் என்றால் எழுத்தில் வாங்குங்கள்.

14. "ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம் போயிடும் சார்" என்பதை நம்பி விலையைக் குறைக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்கும் தனிநபருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வியாபாரி கட்டுவது, அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல்தான். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எல்லாப் பழைய கார்களுக்கும் இதை 18 சதவீதம் என்று ஒரே விகிதமாக்கியது. உங்களிடம் ரூ.3,40,000-க்கு வாங்கி ரூ.3,80,000-க்கு விற்றால், நாற்பதாயிரத்தின் மேல் அதிகபட்சம் ரூ.7,200. மூன்று லட்சத்துக்கும் பதினெட்டு சதவீதம் என்ற பயம் தேவையே இல்லை. பழைய கார் கொடுப்பதால் புதிய காரின் ஜி.எஸ்.டி. குறையும் என்று யாராவது சொன்னால் அதுவும் சரியல்ல. வரி புதிய காரின் முழு விலைக்கும் உண்டு. பில்லிலேயே கழித்துக் காட்டும் தள்ளுபடிக்குத்தான் வரி குறையும். அதனால் ஷோரூம் தருவதாகச் சொல்லும் ரொக்கத் தள்ளுபடி பில்லில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

15. காலம் பார்க்கலாம், ஆனால் அதற்காகவே காத்திருக்க வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுக்கத் தயங்குபவர்கள் அதிகம் என்பதால், அந்த மாதங்களில் ஷோரூம்கள் இறங்கி வரும். நல்ல நாள் பார்ப்பவர்கள் ஆடியில் பேசி முடித்து ஆவணியில் டெலிவரி எடுக்கலாம். ஆயுத பூஜை, தீபாவளி நெருக்கத்தில் கூட்டம் அதிகம், பேரத்துக்கு யாருக்கும் நேரம் இருக்காது. பழைய காரைப் பொறுத்தவரை டிசம்பர் 31 ஓர் எல்லைக்கோடு. ஜனவரி பிறந்ததும் உங்கள் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு ஆண்டைத்தான் வியாபாரி பார்ப்பார்.

16. புதுச்சேரி, கர்நாடகப் பதிவெண் உள்ள வண்டிக்கு இங்கே விலை குறையும். வாங்குபவர் தடையின்மைச் சான்று பெற்றுத் தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும் என்பதே காரணம். அந்த ஊரிலேயே ஒரு விலை விசாரித்துப் பார்ப்பது நல்லது. பதினைந்து ஆண்டு தாண்டிய காருக்கு வேறொரு வழி இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால், அதைக் காட்டிச் சில கம்பெனிகளில் புதிய காருக்குத் தள்ளுபடி பெறலாம். எக்ஸ்சேஞ்ச் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

17. சொன்ன விலையை எழுதி வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த ஒரு குறிப்பை மட்டும் படித்தாலும் போதும் என்று சொல்வேன். புதிய காருக்குக் காத்திருப்புக் காலம் இரண்டு மூன்று மாதம் என்றால், "டெலிவரி அப்போ பழைய வண்டி விலையைப் பார்த்துக்கலாம்" என்பார்கள். பார்த்துக்கொள்வது அவர்களாகத்தான் இருக்கும். விலை, அது எந்தத் தேதி வரை செல்லும், அதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடலாம், புதிய விபத்து எதுவும் இல்லையென்றால் விலையைக் குறைக்க மாட்டோம் என்பது, இவை ஷோரூம் முத்திரையோடு வேண்டும். மின்னஞ்சலில் வந்தாலும் சரி.

பெயர் மாற்றத்துக்கு நீங்கள் கையெழுத்திட வேண்டியவை படிவம் 29-ம் 30-ம். வாங்குபவர் பெயர், தேதி எதுவும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் கேட்பது சந்தையில் சாதாரணம். அந்தத் தாளோடு வண்டி மூன்று நான்கு கை மாறும், ஆர்.சி.யில் உங்கள் பெயரே இருக்கும். 2007-இல் காரை விற்றும் பெயர் மாறாமல் விட்ட ஒருவர், 2009-இல் வேறொருவர் கையில் அந்தக் கார் ஏற்படுத்திய விபத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் பார்வையில் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர். ஆகவே, இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகத் தருகிறவரைவிட, பெயரை உடனே மாற்றித் தருகிறவரே நல்ல விலை தருகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "தெரிஞ்ச தம்பிதானே" என்று பக்கத்துத் தெருவில் விற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி உங்களுக்குத் துணை. பதிவான பழைய வாகனங்களை வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29-சி மூலம் இணையத்தில் தெரிவித்தால், அன்றிலிருந்து அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். "உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா, 29-சி போடுவீர்களா?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால், விற்ற 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள்.

18. நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. கிளெய்ம் இல்லாமல் ஓர் ஆண்டு என்றால் 20 சதவீதம், தொடர்ந்து 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். இதைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.24,000 என்று வைத்துக்கொண்டால், 50 சதவீத போனஸ் உள்ளவருக்கு ரூ.12,000 மிச்சம். ஷோரூமில் இதை யாரும் எடுத்துச் சொல்வது அபூர்வம். காரை விற்றதற்கான சான்றோடு பழைய காப்பீட்டு நிறுவனத்தில் போனஸ் கடிதம் கேட்டு வாங்குங்கள். அது மூன்று ஆண்டு வரை செல்லும். புதிய காருக்குக் காப்பீடு போடும் முன்பே இந்தக் கடிதம் வேண்டும் என்பதால், பழைய காரை டெலிவரிக்குச் சில நாள் முன்பே ஒப்படைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது.

19. பணம் வங்கி வழியாகவே வரட்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்குத்தான். பழைய காரின் விலையைப் புதிய காரின் கணக்கில் வரவு வைத்தால், அந்தத் தொகைக்கு ரசீது தனியாகக் கேளுங்கள்.

20. ஒப்படைக்கும் நாளில் ஃபாஸ்டேக்கைக் கிழித்து எடுப்பதோடு நிறுத்தாமல், கொடுத்த வங்கியில் சொல்லிக் கணக்கை மூடுங்கள். மீதியும் டெபாசிட்டும் திரும்பி வரும். டேஷ்கேமில் உள்ள மெமரி கார்டு, மியூசிக் சிஸ்டத்தில் பதிவான கைப்பேசித் தொடர்புகள், கிளவ் பாக்ஸில் கிடக்கும் ஆதார் நகல் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள், அழித்துவிடுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும், ஓடோமீட்டர் எண்ணும், வாங்குபவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். அந்த நிமிடத்துக்குப் பிறகு வண்டி யார் கையில் இருந்தது என்பதற்கு அதுதான் சான்று. ஆர்.சி., காப்பீடு, வாங்குபவரின் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை அதோடு வையுங்கள். காப்பீட்டை அன்றே ரத்துச் செய்ய அவசரப்படாதீர்கள். மாதம் ஒரு முறை எம்பரிவாகன் ஆப்பில் பழைய எண்ணைத் தட்டி, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். இரண்டு மாதமாகியும் மாறவில்லை என்றால், டெலிவரி நோட்டு நகலோடு ஷோரூமுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலை ஆர்.டி.ஓ.வுக்கும் கொடுங்கள்.